வாளியில் வெட்டிய பெயர்

அம்மா வைத்த சொதியை நான் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற அதே தேங்காய்ப்பால் சொதி, பக்கத்தில் இஞ்சித் துவையல். ஓரத்தில் ‘படம்: கோமு’ என்று எறும்பு அளவில் எழுதியிருந்தேன். அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் கிடையாது. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்வாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

மறுநாள் அந்தப் படம் ‘நாலு ரத வீதி நாக்கு’ என்ற பக்கத்தில் வந்தது. அதை நடத்துகிறவர் டவுன் கணேஷ்ராம். யார் வீட்டில் தாளித்தாலும் மூக்கை நீட்டுகிறவர். எறும்பை மட்டும் கச்சிதமாக வெட்டிவிட்டு, ‘நம்ம கைவண்ணம்’ என்று எழுதியிருந்தார். பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை ஆற்றோரத்து ஜனம் மொத்தமும் அதற்கு இதயம் போட்டிருந்தது.

எனக்கு என் பெயர் வேண்டும். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒருவழியாக அவருக்கு அனுப்பினேன். எல்லாச் சொதியும் ஒரே நிறம்தானே, சாட்சி என்ன இருக்கிறது என்று பதில் வந்தது.

படத்தைப் பார்த்தேன். இலைக்குப் பின்னால் எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளி. எங்கள் பக்கம் பெயர் வெட்டாத பாத்திரமே கிடையாது. வாளியில் வெட்டியிருக்கும் பெயரைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று மிடுக்காக அனுப்பினேன். மிடுக்கில் நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

விடிந்தபோது படத்துக்குக் கீழே ‘நன்றி: பிரம்மநாயகி, வண்ணார்பேட்டை’ என்று இருந்தது.

பிரம்மநாயகி அத்தை அப்பாவின் அக்கா. எப்போதோ ஒரு தீபாவளிக்கு அவள் முறுக்கு கொடுத்துவிட்ட வாளி அது. வெறும் வாளியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று, நல்லதாக ஏதாவது செய்யும் நாளுக்காக அம்மா வைத்திருந்தாள். நல்லதாகச் செய்த நாளிலெல்லாம் நாங்களே தின்று தீர்த்துவிட்டோம்.

மதியத்துக்குள் அத்தை வந்துவிட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்று அம்மா அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். அத்தைக்கோ முகமெல்லாம் பல். காலையிலிருந்து அவளுக்குப் பாராட்டு வந்தபடி இருந்ததாம். சாத்தான்குளத்துச் சம்பந்தி கூப்பிட்டுப் பக்குவம் கேட்டாராம். அதையும் கூசாமல் சொல்லியிருக்கிறாள்.

“சொதி நான் வச்சது, மைனி,” என்றாள் அம்மா உள்ளிருந்து.

“படம் நான் எடுத்தது, அத்தை.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏட்டி, வாளி யாருது?”

சொதியோடு வாளி வீடு வந்து சேர வேண்டும் என்று சொல்லி, காப்பியும் குடித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முனகிக்கொண்டே மறுபடி சொதி வைத்தாள். அதற்குள் நான் வாளியை டவுன் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய், அத்தை பெயருக்குக் கீழே ‘படம்: கோமு’ என்று வெட்டச் சொன்னேன். பெயர் வெட்டுகிறவர் வாளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல ஏது தாயி படம்?”

“பைய வரும், அண்ணாச்சி. நீங்க வெட்டுங்க.”

பாராட்டு ருசி கண்டவள் சும்மா இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வாளியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே அத்தை அதைத் தானே படம் எடுத்து நேராகக் கணேஷ்ராமுக்கு அனுப்பிவிட்டாள். படத்தில் பாதி வாளி, மீதி அத்தையின் கட்டைவிரல். அவரும் இந்தமுறையும் வாளியைப் பெரிதாக்கிப் படித்து, உள்ளதை உள்ளபடி போட்டிருந்தார். சொதி: பிரம்மநாயகி. படம்: கோமு.

உடனே போன் வந்தது.

“ஏட்டி, அந்தப் படம் நான் எடுத்ததுல்லா?”

“சாட்சி இருக்கா, அத்தை?”

கட்டைவிரல் ஞாபகம் அவளுக்கு இன்னும் வரவில்லை.