அந்தப் பக்கம் பூத்த கொடி

கொத்தனாருக்கும் அவர் தம்பிக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. தோட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது கொத்தனாரே கட்டியது. தன் பக்கத்தைப் பூசி, தேய்த்து, சிமெண்டுப் பால் அடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். தம்பி பக்கம் வெறும் செங்கல்லாகவே நின்றது. "உன் பக்கத்தை நீ பாத்துக்கடா" என்று பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார்.

தம்பி தையல்காரன். நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மிஷினை மிதிக்கிறவன். வெயிலில் சாரத்தின்மேல் நின்று முதுகு கருகியவருக்கு அது எப்போதும் கண்ணை உறுத்தும்.

அந்தச் சுவரோரம்தான் கொத்தனார் ஒரு கொடியை நட்டார். வேலைக்குப் போன வீட்டில், தோட்டத்தையே விழுங்குகிறது என்று பிடுங்கி எறிந்த கொடி. குழல் மாதிரிச் செம்மஞ்சள் பூ பூக்கும் என்றார்கள். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவுமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். அது துவைக்கிற கல்லைச் சுற்றியது, குழாயைச் சுற்றியது, துணிக் கம்பியைப் பிடித்து இழுத்தது. "அசந்து தூங்கினா நம்மளையும் சுத்திடும்" என்றாள் அவர் மனைவி.

சுவரில் மட்டும் ஏறவில்லை. ஒரு சாண் ஏறும், வழுக்கி விழும். கடைசியில் துணிக் கம்பி வழியாகச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அங்கே செங்கல்லை நகம் வைத்த மாதிரிப் பற்றிக்கொண்டு படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்தது. இந்தப் பக்கம் தண்டும் இலையும்தான்.

துணி தைக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கொத்தனார் மனைவியும் மாலையானால் அங்கே போய் நின்றாள். ஒருநாள் யாரோ கேட்க, "அதுவா வந்ததுங்க, நான் ஒண்ணும் செய்யல" என்று தம்பி சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதுவா வந்ததாம். அப்படியானால் வாளி தூக்கி நொந்தது யார் கை?

ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். உச்சி வெயிலில் கொத்தனார் அரிவாளை எடுத்து, கொடியை அடியோடு வெட்டிவிட்டார்.

பத்து நாளில் இந்தப் பக்கம் சருகானது. அந்தப் பக்கம் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. முக்காலி போட்டு எட்டிப் பார்த்தார். கொடி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் விரல் தடிமனுக்கு வேர் விட்டிருந்தது. இனி அது முழுக்கத் தம்பியின் கொடி.

மனைவி வெட்டுவாயைப் பார்த்துவிட்டாள். "இது காஞ்சு சாகல. கொழுந்தனார் மேல இருக்குற காந்தலை இதுமேல காட்டிட்டீங்க. இருந்த வேரும் போச்சு" என்றாள்.  அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை.

மழை பெய்த வாரம், வெட்டிய கட்டையிலிருந்து ஒரு தளிர் வந்தது. கொத்தனார் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தளிர் சுவரைத் தடவியது, வழுக்கியது, விழுந்தது. மறுநாளும் அப்படியே. அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு சொரசொரப்பு இல்லை. புதுப் பூச்சு ஒட்டுவதற்காகப் பழைய சுவரைக் கொத்திவிடுகிறவர்தான் அவர், முப்பது வருஷமாக. அன்று பெருமையில் இழைத்தபோது அது ஞாபகம் வரவில்லை.

உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். சத்தம் கேட்டுத் தம்பி எதன்மேலோ ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்னண்ணே, அவ்வளவு அழகாப் பூசின சுவரு?"

கொத்தனார் நிமிரவில்லை. இன்னும் நாலு கொத்து கொத்தினார்.

"உன் பக்கத்தை மாதிரி ஆக்குறேன்டா."

 தம்பி தன் பக்கத்துக் கொடி நுனி ஒன்றைப் பூவோடு தூக்கி இந்தப் பக்கம் போட்டான். தான் வளர்த்த கொடியைத் தனக்கே தருகிறான் என்று கொத்தனாருக்கு அதுவும் எரிந்தது. ஆனாலும் அதை எடுத்து, கொத்திவிட்ட இடத்தில் சாத்தி வைத்தார்.