கால் பக்கத்தில் கிளை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தகரப் பெட்டியைத் தூக்கும்போது. திருச்சி சின்னக்கடைத் தெருவில் இருந்த சீனப் பல் டாக்டர் ஊரைவிட்டுப் போன அன்று, அவர் பெட்டியை ஜங்ஷன் வரை சுமந்தவன் நான். (நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன். வாக்கியம் கனத்தால் மூட்டைபோல் அங்கேயே இறக்கிவைத்துவிடுவேன்.)

2

செல்லக்கிளி அந்த டாக்டரை விரும்—

அடித்துவிட்டேன். அது அவள் என்னிடம் சொல்லாதது. சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

செல்லக்கிளி ஸ்ரீரங்கத்திலிருந்து ஆறு தாண்டி வந்து, டாக்டரின் கடையைக் கூட்டி, வாசலில் கோலம் போடுவாள். இடது காலில் ஆறு விரல். புடவைக் கரையால் அதை மூடியே நடப்பாள். ஒருநாள் டாக்டர் பார்த்துவிட்டார். மருந்துச் சீட்டின் பின்னால் ஓர் எழுத்து வரைந்தார்: [      ]

(இந்தக் கதையை அடிக்கும் அச்சகத்தில் இதற்கு அச்சு கிடையாது. இடம் விட்டிருக்கிறேன். இடப்பக்கம் கால், வலப்பக்கம் கிளை.)

"ச்சீ" என்றார், மேலே ஏறும் குரலில்.

"ஏன் டாக்டர், காலைப் பாத்து அப்படிச் சொல்றீங்க?"

"திட்டலைம்மா. எழுத்தோட ஓசை அது. ஆறாவது விரல்னு அர்த்தம். பழைய புஸ்தகத்து எழுத்து, எங்க ஊர்லயே நிறைய பேருக்குத் தெரியாது."

"என் காலுக்குன்னு ஒரு எழுத்தா?"

"இப்படிச் சொன்னா வேற." குரலை இறக்கி, பிறகு ஏற்றினார். "குதிகாலைத் தூக்கி நின்னு, வராத ஆளை எட்டிப் பாக்கறது."

"யாரை?"

அவர் பஞ்சைப் புட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

(பூச்சி ஊர்வதற்கும் இதே எழுத்துதானாம். அது பின்னால் உதவும்.)

3

மறுநாள் முதல் கோலத்தின் நடுவில் அந்த எழுத்து வந்தது. புள்ளி வைத்து, கிளையின் நுனியைச் சுழித்து, தன் விரலை முதன்முதலாகத் தெருவுக்குக் காட்டினாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் சீனச் சண்டை வந்தது. எழுத்தைச் சண்டையோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் குடைக்கடை குத்புதீன் வந்து நின்றார்.

"என்னம்மா, சீன எழுத்தா போட்டு வச்சிருக்கே?"

"அது என் கால் விரல், பாய்."

"உன் கால் விரலுக்கு அவரைப் பிடிச்சுட்டுப் போகப் போறாங்க. அழிச்சிடு."

அழித்தாள். அதற்குள் தெருவே பார்த்திருந்தது. சில நாளில் போலீஸார் டாக்டரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"நீ கோலம் போடாட்டியும் அனுப்பியிருப்பாங்கம்மா" என்றார் குத்புதீன்.

அவள் நம்பவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடை பூட்டியிருந்தது; டாக்டர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

4

முடிவு: அவள் ஜங்ஷனுக்கு ஓடிவந்து, பெட்டி பெட்டியாகத் தேடி—

இல்லை. ஜங்ஷனில் நான் இருந்தேன். அவள் வரவில்லை.

அவள் நின்றது ஸ்ரீரங்கத்துக் கரையில், காவிரிப் பாலம் முடிகிற இடத்தில், வாழைக்கொல்லை ஓரமாக. பாலத்தின்மேல் ரயில் பூச்சிபோல ஊர்ந்து வந்தது. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஆறு விரலும் ஈரமண்ணில் தெரிந்தன. "முதல் பெட்டி வந்துச்சுண்ணே" என்று என்னிடம் சொன்னவள், அதோடு நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.

தகரப் பெட்டியை டாக்டரின் இருக்கைக்கு அடியில் தள்ளியது இந்தக் கைதான். அவர் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தார் என்று பார்க்காமல் இறங்கிவிட்டேன். எழுத்தில் என்னால் முடிந்தது அவள் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவது. தூக்கிவிட்டேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டுகின்றன. அடுத்த ஜன்னலில்

[      ]

இதற்கும் என்னிடம் அச்சு இல்லை. நீங்கள் எழுதும்வரை அவள் குதிகால் இறங்காது.