நிழல் விழுந்த படம்

பெருநாளுக்கு ஸ்ரெல்லா படக்காட்சி செய்யப் போகிறாள் என்ற கதை பரவியதுதான் தாமதம், மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். குருநகர்ச் சனம் அப்படித்தான். கோட்டைச் சண்டையில் வீடு போயிற்று, தோணி போயிற்று. மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைச் சீலையால் மறைத்து மறைத்து இரண்டு வருடமாகக் குடித்தனம் நடக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் வரவில்லை. நல்ல துள்ளல் பாட்டாகப் போடு என்றாள் ஒருத்தி. எங்கள் வீட்டு வாசற் படலையைக் கொஞ்சம் கூட நேரம் காட்டு என்றாள் அடுத்த சீலைக்கு அப்பால் இருந்தவள். படலை எப்போதோ விறகாகிப் போனது அவளுக்கும் தெரியும்.

சொந்தக் கோவிலில் பெருநாள் கொண்டாட வழியில்லாததால், ஊர்க் கரையைப் படத்திலாவது காட்டுங்கள் என்று சுவாமியார் கேட்டிருந்தார். கரையின் படங்கள் ஸ்ரெல்லாவிடம் மட்டும்தான் இருந்தன. ஷெல் விழ விழ மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் அள்ளிக்கொண்டு ஓட, அவள் ஒரு பிஸ்கற் ரின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். ரின் நிறையச் சிலைட்டுகள். மட்டைச் சட்டத்துக்குள் நகமளவு பிலிம். வெளிச்சத்தை ஊடே விட்டால் சுவர் முழுக்கக் கரை விரியும். தாய் கத்தரீனா அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

"மாத்துச் சட்டை ஒண்டு கொண்டு வரேல்லை. ரின்னைக் கொண்டு வந்தவளாம் ரின்னை. முப்பது வயசாச்சு, மூளை மட்டும் வரேல்லை."

முப்பது வயது ஏன் இந்தப் பேச்சில் வந்தது என்று ஸ்ரெல்லாவுக்குத் தெரியும். வந்த கலியாணப் பேச்சுகளை எல்லாம் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி அவள் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாட்டுகளுக்கும் ரின்னுக்கும் காரணம் ஒரே ஆள்தான்.

அவன் பெயர் யாகோப்பு. சம்மாட்டியின் தோணிக்குப் போக வேண்டிய பிள்ளை, கடல் ஒத்துக்கொள்ளாமல் பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றில் கமராவைத் தூக்கியவன். ஒவ்வொரு பெருநாளுக்கும் கரையைப் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுப்பான். கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த ஸ்ரெல்லா அதற்கு இசை சேர்ப்பாள். காட்சி நேரத்தில் அவன் புரொஜெக்ரரில், அவள் கசற் பெட்டியில். படம் மாற வேண்டிய இடம் வந்ததும் இருட்டுக்குள் அவள் அவன் தோளில் ஒரு விரல் வைப்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் பேசப்படவும் இல்லை. ஒரு விரல்தான். ஆனால் ஏழு வருடத்துக்குப் பிறகும் அந்த விரலின் நுனியில் அந்தத் தோள் இருந்தது.

அவன் சட்டம் பேசாமல் வேலை செய்யமாட்டான். "படத்துக்கு வாய் இருக்கு ஸ்ரெல்லா, பாட்டுக்கும் வாய் வேண்டாம்" என்பான். அதனால் சொல் இல்லாத மெட்டுத்தான் போட வேண்டும். பாட்டு ஒரு கதை சொல்ல, படம் வேறு கதை சொல்லக் கூடாது. தாளம் விழும் இடத்தில் மாற்றாதே, மூச்சு விடும் இடத்தில் மாற்று என்பான். கிழவிகள் கொட்டாவி விட முதல் முடித்துவிட வேண்டும். படத்தைத் தலைகீழாகப் போட்டு மானம் போகாமல் இருக்க, மட்டையின் மூலையில், பெருவிரல் பிடிக்கும் இடத்தில், மையால் ஒரு பொட்டு. ஒரு படம் போய் மறுபடம் வருவதற்குள் வெறும் வெளிச்சம் திரையில் விழவே கூடாது. "அது சனத்தின்ரை கண்ணிலை அறையிற மாதிரி. உமக்கு அப்பிடிச் செய்ய மனம் வருமே?" என்று கேட்பான். இதெல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: எந்தப் படத்தையும் அளவுக்கு மிஞ்சி நிறுத்தாதே. பல்ப்பின் சூடு பிலிமைத் தின்றுவிடும். ஒருமுறை சங்கத் தலைவர் தன் படத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிறுத்தி வைக்கச் சொல்லி, ஊர் பார்த்துக்கொண்டிருக்கவே அவருடைய மீசை உருகி வழிந்தது.

அவன் எண்பத்தைந்தில் போனான். இருட்டோடு வள்ளம் ஏறி அக்கரைக்கு, அங்கிருந்து ஜேர்மனிக்கு என்று சொன்னார்கள். வள்ளம் கரை சேர்ந்தது என்றார் ஒருவர்; சேரவே இல்லை என்றார் இன்னொருவர். ஏதோ ஒரு நாட்டில் மறியலில், கம்பிக்குப் பின்னால் கண்டதாகவும் ஒரு கதை வந்தது. அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

இதில் ஒரு கொடுமை இருந்தது. ஊரையே படம் பிடித்தவனுக்கு ஒரு படம் இல்லை. ஸ்ரூடியோ எரிந்தது; வீட்டோடு அல்பமும் எரிந்தது. மண்டபத்தின் தென்மூலையில் சுவரோடு சாய்ந்து, சால்வையால் போர்த்திக்கொண்டு ஒரேயடியாகக் குந்தியிருக்கும் அவன் தாய் செபஸ்தியம்மாவுக்கு, மகனை நினைத்துச் செபிக்க ஒரு கடதாசித் துண்டும் இல்லை. "கண்ணை மூடினால் முகம் கலங்கிக் கலங்கிப் போகுது பிள்ளை" என்று ஒருநாள் ஸ்ரெல்லாவிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் மாமி என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல அவளுக்கு என்ன உரிமை?

ரின்னைத் தரையில் கவிழ்த்து, பழைய பட்டுச் சீலைத் துண்டால் ஒவ்வொரு சிலைட்டாகத் துடைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கரையை அவள் மறுபடி அடுக்கினாள். விடியல், தோணிகள், வலை, மீனை ஏலம் கூறுகிற பெண்கள், கோவில் கொடி. எல்லாம் சரியாக வந்தது. பிறகு செபப் புத்தகத்தைத் திறந்து, அதற்குள் தனியாக வைத்திருந்த ஒரு சிலைட்டை எடுத்தாள்.

அது பழுதான படம். பொழுது சாயும் நேரம், வெயிலுக்கு முதுகு கொடுத்து நின்று காயப்போட்ட வலைகளை எடுத்திருக்கிறான். அவனுடைய நிழலே நீண்டு மணலில் விழுந்துவிட்டது. இரண்டு முழங்கையும் விரிந்து, கமரா முகத்தில், வலத்தோள் இடத்தோளைவிட ஒரு பிடி உயர்ந்து. "சீ, படிக்கிற பிள்ளையள் விடுற பிழை. எறியும்" என்று அவளிடம் தந்தான். அவள் எறிந்ததாகச் சொன்னாள். அவனிடம் அவள் சொன்ன ஒரே பொய் அது.

போடுவதா, விடுவதா? போட்டால் கெட்டித்தனமான சனம், இது உன்னிடம் எப்படி வந்தது, ஏன் வைத்திருந்தாய் என்று ஒரு பார்வையிலேயே கேட்டுவிடும். அது போகட்டும். பிலிம் ஏற்கெனவே வெளிறியிருந்தது. பல்ப்பின் முன்னால் வைத்து ஏதும் ஆகிவிட்டால் உலகத்தில் அவன் இல்லை. போடாவிட்டாலோ, அந்தக் கரையைப் பார்த்த ஒரு கண் அங்கே இருந்தது என்பதையே யாரும் நினைக்கமாட்டார்கள். அழகான கரை, தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்ட மாதிரி. அதை நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மூலையில் மையால் பொட்டு வைத்து, கொடிப் படத்துக்கு முன்னால் அதைச் செருகினாள். ஒரு மூச்சு நேரம், அதற்கு மேல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொழுதுபட்ட பிறகு வெளிச்சம் காட்டினால் மேலே பிளேனில் சுற்றுகிறவன் குண்டோடு வருவான் என்பதால், காட்சி பிற்பகலிலேயே நடந்தது. யன்னல்களைச் சாக்கும் பாயும் கொண்டு அடைத்தார்கள். உள்ளே வெக்கை அவித்தது. கோவில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் தம்பிஐயா, பிள்ளையாரைக் கும்பிடுகிறவர், தன் ஜெனரேற்றரை முற்றத்தில் வைத்து, ஒரு மூடி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். "உங்கடை மாதாவுக்கும் என்ரை மெசின் ஓடும், பயப்பிடாதேங்கோ" என்றார். ஆனால் மெசின் புரொஜெக்ரரின் பல்ப்புக்கு மட்டும்தான் காணும். அதன் காற்றாடியே முனகித்தான் சுற்றியது. கசற் பெட்டிக்குச் சைக்கிள் டைனமோ. கோவில் மணி அடிக்கும் பிலிப்பு சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதிக்கத் தொடங்கினார்.

"பிலிப்பண்ணை, படத்தைப் பாக்காதேங்கோ. பாத்தால் மிதி பிந்தும், பாட்டு இழுபடும்."

"நானென்ன சின்னப்பிள்ளையே? நீ உன்ரை வேலையைப் பார்."

ஆர்மோனியமும் வயலினும் எழுந்தன. யாகோப்பு இருந்த காலத்தில் கோவிலில் பதிந்த மெட்டு. வெள்ளைச் சீலையில் விடியல் விரிந்தது. யாரோ ஆ என்றார்கள். பிறகு மண்டபமே பேசத் தொடங்கிற்று: அந்தா எங்கடை தோணி, உது சின்னத்தங்கத்தின்ரை மீன் வாடி, ஐயோ அந்தப் பூவரசு. படங்களுக்கு மெய்யாகவே வாய் இருந்தது. ஸ்ரெல்லா மூச்சு விடும் இடங்களில் சிலைட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளுவதும் அவள், செவி கொடுப்பதும் அவள். ஒவ்வொரு மாற்றத்திலும் விரல் ஒரு தோளைத் தேடி, காற்றைத் தொட்டுத் திரும்பியது. பிலிப்பு இரண்டு இடத்தில் சொக்கிப்போய்ப் பாட்டை ஒப்பாரியாக்கினார்; சனம் சிரித்து அவரை மிதிக்க வைத்தது.

நிழல் விழுந்தது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வலை, மணல், ஒரு கறுத்த நீட்டு நிழல். பிறகு மிதி நின்றது. பிலிப்பின் வாய் திறந்தபடி இருந்தது. பாட்டு முனகி, தடித்து, செத்துப் போயிற்று.

தென்மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"உவன் என்ரை மோன்."

சனம் தலையைத் திருப்பிச் செபஸ்தியம்மாவைப் பார்த்தது.

"அந்தத் தோளைப் பாருங்கோ. என்ரை மோன்தான். பிள்ளை, மாத்தாதை. கொஞ்சம் நிப்பாட்டு."

ஸ்ரெல்லாவின் கை தட்டின் மேல் இருந்தது. ஒரு மூச்சு முடிந்துவிட்டது. தள்ள வேண்டும். தள்ளினால் படம் பிழைக்கும். ஆனால் ஏழு வருடமாகக் காய்ந்து கிடந்த கண் இரண்டு அங்கே குடித்துக்கொண்டிருந்தன. இங்கே இன்னும் இரண்டு. பாட்டு நின்றுவிட்டதே, பாட்டு வரட்டும் என்று தனக்குச் சாட்டுச் சொன்னாள். இரண்டாவது மூச்சு. மூன்றாவது. காற்றாடி முனகியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

சூட்டில் பிலிம் நெளிந்தது. சீலையில் நிழல் மெல்லத் தோளைக் குலுக்கியது.

"அசையிறான்!" என்று கத்தினாள் செபஸ்தியம்மா. "அந்தோணியாரே, அசையிறான்!"

மணலின் ஓரத்தில் ஒரு மண்ணிறப் பொட்டு விழுந்து, கால் பக்கமாகப் பரவத் தொடங்கியது. ஸ்ரெல்லா தட்டை மறந்து, வெறும் விரலாலேயே சிலைட்டைப் பிடுங்கினாள். விரல் பொசுங்கியது. திரையில், அவன் விழவே கூடாது என்ற அந்த வெறும் வெளிச்சம், அத்தனை பேர் கண்ணிலும் பளீரென்று அறைந்தது.

"போயிட்டானோ?" என்று கேட்டபடி கிழவி எழும்பினாள். இரண்டு வருடமாகக் குந்தியே இருந்தவள், சால்வை நழுவ, ஆட்களை விலக்கிக்கொண்டு சீலையை நோக்கி நடந்தாள். வெளிச்சத்துக்குள் போய், மகன் நின்ற இடத்தைக் கையால் தடவப் போனாள். அவளுடைய நிழல் சீலையில் விழுந்தது. வலத்தோள் இடத்தோளைவிட ஒரு பிடி உயர்ந்து.

மண்டபம் விம்மியது. சீலையை விட்டுக் கையை எடுக்காமல், அவள் தன் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து கொடிப் படம் தட்டில் ஆயத்தமாகக் கிடந்தது. ஸ்ரெல்லா அதைத் தள்ளவில்லை.

"பிலிப்பண்ணை," என்றாள், "மிதியுங்கோ."

மெட்டு எழும்பியது. கிழவி வெளிச்சத்தில் நிற்க நிற்க அது முழுவதும் ஓடி முடிந்தது. பிறகுதான் தம்பிஐயா மெசினை நிறுத்தினார்.

சாக்குகளை அவிழ்த்ததும் செபஸ்தியம்மா நேரே புரொஜெக்ரரடிக்கு வந்தாள். ஸ்ரெல்லா பொத்தி வைத்திருந்த கையை விரித்தாள். சிலைட்டின் ஒரு மூலை கருகியிருந்தது. யன்னலுக்கு நேரே பிடித்தார்கள். பாதம் போய்விட்டது, தோள் இருந்தது.

"பழுதான படமெண்டு எறியச் சொன்னவர் மாமி" என்றாள் ஸ்ரெல்லா. அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். "நான் எறியேல்லை."

கிழவி படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள். பொசுங்கிய விரலைப் பிடித்து ஊதிவிட்டாள். பிறகு சிலைட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"உதை நீயே வைச்சிரு, மோளே. என்னட்டை என்ரை தோள் கிடக்கு."