விட்டுப் படித்த பதினோரு பக்கம்

"அதை எடுத்துடும்மா. அது நூலகத்துப் புத்தகம்."

மகள் அப்போதுதான் கிடத்தியிருந்த அம்மாவின் கைக்கு அடியில் அந்தப் புத்தகத்தைச் செருகிவிட்டு நிமிர்ந்திருந்தாள். கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்ப்பா. கடைசியா வச்சிருந்தது. நான் வேற வாங்கிக் குடுத்துடறேன்."

"வேணாம். யாராவது கேட்டு வச்சிருப்பாங்க."

அவரே குனிந்து, மனைவியின் மணிக்கட்டை மெல்லத் தூக்கி, புத்தகத்தை உருவிக்கொண்டார். மணிக்கட்டு சில்லென்றிருந்தது.

"மாமாவைப் பாரு, இந்த நேரத்துலயும் சட்டம் பேசறாரு" என்று மச்சினி யாருக்கோ சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. பேசட்டும். பெண்டாட்டி நூலகமே கதி என்று கிடந்தாள், மனுஷன் அந்த வயிற்றெரிச்சலை இன்றைக்குக் காட்டுகிறார் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் அவளை அவர் ஏமாற்றினார். அதையே அவள் கையில் கொடுத்து அனுப்ப மனசு கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். மின்சாரம் போய் இரண்டு மாடிக்கு நடுவே ஆள் மாட்டிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கையில் எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்னாலும் கதவிடுக்கில் வாயை வைத்து ஒரு வார்த்தை சொல்வார்: "ரெண்டே நிமிஷம், வந்துட்டேன்." உண்மையில் முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவர் மூச்சு விட வேண்டுமே. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல், மருத்துவமனையில் வரிசை, எதுவானாலும் ரெண்டே நிமிஷம்தான். "உங்க ரெண்டு நிமிஷத்துல நான் ஒரு நாவலே முடிச்சுடுவேன்" என்பாள் அவள்.

முடித்தும்விடுவாள். பொது நூலகத்தின் முதல் மாடியில், ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு வாசிப்பு வட்டம். அவள் தொடங்கியதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நூலகரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பத்திரிகை அறையை வாங்கினாள். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இப்போது பதினாலு பேர். மாதத்துக்கு ஒரு புத்தகம். முதல் சனிக்கிழமை பாதிவரை பேசுவார்கள், இரண்டாவதில் முடிவைப் பேசுவார்கள். முடிவைப் பேசும்போது, புத்தகத்தை முடிக்காதவர்கள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட வேண்டும்.

இந்த வராந்தாதான் அவருக்குத் தெரிந்த வாசிப்பு வட்டம். அவளை அழைத்துப்போக வந்து அங்கேதான் நிற்பார். உள்ளே சண்டை நடக்கும். தீ பற்றிக்கொண்டதுபோலக் கத்துவார்கள், அடுத்த நொடி பதினாலு பேரும் சிரிப்பார்கள். இல்லாத ஆட்களுக்காக இவ்வளவு பெரிய மனுஷர்கள் இப்படியா அடித்துக்கொள்வார்கள் என்று அவருக்கு வியப்பாக இருக்கும். "உள்ள வந்து உக்காருங்களேன்" என்று அவள் கதவைத் திறந்து கூப்பிடுவாள். "நான் தொடங்கவே இல்லையே" என்பார் இவர். பன்னிரண்டு வருஷமாக அதே பதில்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் கண் மங்கியது. புத்தகத்தைப் பிடிக்கக் கையில் வலுவும் இல்லை.

"இந்தத் தடவை நான் தொறக்கவே இல்லைங்க" என்றாள். "முடிவைப் பேசற சனிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். நீங்க படிச்சுக் காட்டுங்களேன்."

சனிக்கிழமை அவளால் எழுந்து போக முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் படித்தார். வயரிங் படத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி. முதல் இரண்டு நாள் சள்ளையாக இருந்தது. மூன்றாம் நாள், கதையில் படகுத்துறையில் சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண்பிள்ளை கடன்காரனைக் கரண்டியோடு துரத்திய இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். அதற்கப்புறம் காலையில் அடுப்படியில் நின்றபடியே, அன்றைக்குப் படிக்க வேண்டியதைத் திருட்டுத்தனமாக முன்கூட்டியே பார்க்கத் தொடங்கினார்.

அப்படிப் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று. கடைசிப் பதினோரு பக்கம். அந்தப் பெண்பிள்ளை காய்ச்சலில் விழுந்து, ஒவ்வொரு நாளாக, நிதானமாகச் செத்துப்போகிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் அந்தப் பக்கம் வந்தது. எதிரே தலையணையில் அவள் முகம். வரியின் கீழே விரலை வைத்தார். எழுத்து ஒன்று சொன்னது, வாய் வேறு சொன்னது. காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். எழுந்து உட்கார்ந்தாள் என்றார். எங்கிருந்தோ ஒரு நொண்டிப் பூனை வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது என்றார். கடையைத் திறந்து முதல் படகுக்குத் தேநீர் போட்டாள் என்று முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். இடையிடையே பக்கத்தைப் புரட்டவும் மறக்கவில்லை.

அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள். "பூனை என்ன நிறம்?"

"பழுப்பு."

"ம்."

வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். இன்றைக்குச் சனிக்கிழமை.

நாலு மணிக்குப் பதினொரு பேர் ஒன்றாக வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். யார் என்று மகளுக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்தது. வராந்தாவில் நின்று எத்தனை தடவை இந்தத் தலைகள் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை. நூலகத்துக்குப் போக வேண்டியவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். புத்தகத்தை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

முன்னால் வந்தவர் மருந்துக்கடைக்காரர். எதைச் சொல்வதானாலும் ஐந்து நிமிடம் பீடிகை போடுவதால் அவருக்கு 'முன்னுரை' என்று பேர். பின்னால் பேக்கரிக்கார அம்மா. விடியற்காலையில் எழுந்து மாவு பிசைபவள், நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லை. அவளுக்கு 'வராந்தா' என்று பேர் வைத்ததே இவர் மனைவிதான்.

பார்க்க வேண்டியவளைப் பார்த்துவிட்டு, வராந்தா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வியாழக்கிழமைகூட போன்ல பேசினாங்கண்ணா. நீங்க மருந்து வாங்கப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. நான் வழக்கம்போல முடிக்கல. இந்த ஒரு தடவை முடிவைச் சொல்லிடுங்கக்கான்னு கெஞ்சினேன். எப்பவும் சொல்லவே மாட்டாங்க. அன்னைக்கு என்னமோ சொல்லிட்டாங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னா?"

"அதான், காய்ச்சல் விட்டு எழுந்து உக்காந்துடறாளாமே. நொண்டிப் பூனை ஒண்ணு, பழுப்பு நிறத்துல, கட்டில்ல ஏறிப் படுத்துக்குமாமே. கேட்டுட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

முன்னுரை திரும்பிப் பார்த்தார். "பூனையா? எந்தப் பூனை?"

"கடைசியில வருதே, அது."

"கடைசியில பூனையே கிடையாதும்மா. அந்தப் பொம்பளை..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

லிஃப்ட்காரருக்கு அவமானத்தில் உடம்பு கூசிற்று. நம்பியிருக்கிறாள். இவர் அளந்ததை அப்படியே நம்பி, அடுத்தவருக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் வட்டம் நடத்தியவள், கடைசிப் புத்தகத்தைத் தப்பாகத் தெரிந்துகொண்டு போயிருக்கிறாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "அவளுக்குக் கண்ணு தெரியல, நான்தான் படிச்சுக் காட்டினேன். கடைசிப் பதினோரு பக்கத்தை விட்டுட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ தொறக்காத புத்தகம். முடிவு தெரியாமலே போயிட்டா."

முன்னுரை பீடிகை எதுவும் போடவில்லை. "அவங்களுக்குத் தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"இது அவங்க தேர்ந்தெடுத்த புத்தகம். தேர்ந்தெடுக்கறவங்க முதல்ல ரெண்டு தடவை படிச்சிருக்கணும். அவங்களே போட்ட விதிதான் அது. போன மாசமே படிச்சு முடிச்சு, கேள்வியெல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னைக்குப் பேசறதுக்கு."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். கோணல்மாணலான அவளுடைய எழுத்துதான். மொத்தம் ஆறு கேள்வி. ஆறாவது: கடைசிப் பதினோரு பக்கமும் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன? படிக்கும்போது நீங்கள் அவசரப்பட்டீர்களா?

அவர் அதை இரண்டு தடவை படித்தார். தொறக்கவே இல்லைங்க என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். தனக்குப் பொய் சொல்ல வராது என்று அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். பூனை என்ன நிறம் என்று கேட்டபோது அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லையே. அழுகை வந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வராந்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அப்போ அந்தம்மா பொழைக்கலையா?"

அவர் முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

"இல்லம்மா" என்றார் அவர். "பொழைக்கல."

வாசலில் அமரர் ஊர்தி ஓட்டுநர் தலையை நீட்டினார். "நேரமாகுதுங்க."

"கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து மனைவியின் தலைமாட்டில் போட்டுக்கொண்டார். மகள் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். புத்தகத்தைப் பிரித்தார். என்ன நடக்கப்போகிறது என்று முன்னுரைக்குப் புரிந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வராந்தா மட்டும் பழக்கதோஷத்தில் எழுந்து கதவுவரை போய், திரும்பி வந்தாள்.

"முடிக்கலைன்னாலும் இன்னைக்கு உள்ளேயே இருக்கேனே அண்ணா."

"இரும்மா."

விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தார். ஒரு வார்த்தையும் விடாமல், தடுக்கிய இடத்தில் நின்று திரும்பச் சொல்லி, அவசரப்படாமல் படித்தார். எட்டாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. 'அன்று விடியும்போது அவள் இறந்துபோனாள்.' அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். இன்னும் மூன்று பக்கம் இருந்தது.

வெளியே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் நின்றது. ஓட்டுநர் வாசல்வரை வந்து உள்ளே பார்த்தார். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.