தங்கச்சிக்குக் கொடுத்த அழுகை

எங்கள் ஊரில் குழந்தைகள் அழுகை இல்லாமல்தான் பிறக்கும். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், பிறந்த பாப்பாவின் நாக்கில் சீனித்தண்ணீர் வைத்துச் சேனை தொடும்போது அது தன் அழுகையைக் கொடுத்துவிடும். தலைப்பிள்ளை என்றால் அப்பா கொடுப்பார். அதனால்தான் புதிதாக அப்பாவானவர்கள் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தாலும் சட்டையை உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். குழந்தைக்குச் சொந்த அழுகை ஊறியதும், வாங்கியது தானாகத் திரும்பி வந்துவிடும்.

சொர்ணாவுக்கு ஏழு வயது. அந்த ஏழு வருஷமும் வீட்டில் அவள் ஒருத்திதான் பிள்ளை. அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தங்கச்சி பிறந்த அன்று புதுப் பாவாடை கட்டிவிட்டு, சீனித்தண்ணீர்க் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்கள். விரலை முக்கிப் பாப்பாவின் நாக்கில் வைத்தாள். பாப்பா வீலென்று அழுதது. சொர்ணாவின் அழுகையேதான். கடைசியில் ஒரு விக்கல் வருமே, அதுவும் அப்படியே வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கோளாறு தெரிந்தது. சொர்ணா பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அதே நேரம் வீட்டில் பாப்பா அழுது தெருவையே கூட்டிவிட்டது. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலம் முழங்காலைப் பார்த்த அம்மா, "நீதானா அது? நான் புள்ளைக்கு வயித்து வலின்னுல்லா நெனச்சேன்" என்று மஞ்சள் அரைத்துப் போட்டாள்.

அது கூடப் பரவாயில்லை. பாப்பாவுக்குப் பசித்தால் அழுகை வரவில்லை. அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுத்தாள். பாப்பாவின் வயிறு கடிகாரத்தை மதிக்கவில்லை. எடை பார்க்க வந்த கஸ்தூரி நர்ஸ் தராசைப் பார்த்தார், பிறகு சொர்ணாவைப் பார்த்தார்.

"சேனை தொடும்போது மனசுல என்னட்டி நெனச்ச?"

சொர்ணா பாவாடை நுனியைத் திருகினாள். "இனி அம்மாகிட்ட இவதான படுப்பான்னு..."

"அதான். பாதி மனசோட குடுத்திருக்க. அழுகை அங்க போயிட்டு, வேர் ஒங்கிட்டயே நிக்கி."

"இன்னொரு தடவ தொடச் சொல்லட்டுமா?" என்றாள் அம்மா.

"சேனை ஒரு தடவதாம்மா. சின்னவளுக்குச் சொந்தமா வர்ற வரைக்கும் பெரியவதான் நேரத்துக்கு நேரம் வருத்தப்படணும். எடை இன்னும் எறங்குனா புள்ள தாங்காது."

யாரும் சொர்ணாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாப்பாவாவது அழுதிருக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஓடி, பாப்பா பால் குடிக்கும் வரை வருத்தப்பட்டுவிட்டு வர டீச்சர் அனுமதி கொடுத்தார். முதல் நாள் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். பாப்பா அழுதது, பால் குடித்தது. தொடை மரத்துப்போனதும், பருந்து தூக்கிப்போன கோழிக்குஞ்சை நினைத்தாள். அதுவும் இரண்டு நாள்தான் ஓடியது. நினைக்க நினைக்க வருத்தம் தேய்ந்து, மூன்றாம் நாள் ராத்திரி அந்தப் பருந்தின் மேல்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவின் வாய் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. சொர்ணா கிள்ளிக்கொண்டாள். கோழிக்குஞ்சை நினைத்தாள். பாப்பாவின் வாயிலிருந்து வெறும் காற்றுகூட வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுவிடலாம் என்று எழப் போனவளால் எழ முடியவில்லை. பாப்பாவின் கை துழாவித் துழாவி அவளுடைய காது மடலைப் பிடித்திருந்தது.

அவள் அசையாமல் குனிந்திருந்தாள். பிடி பஞ்சு மாதிரி இருந்தது, விடுவதாகவும் இல்லை. ஐயோ, இவளுக்குப் பசிக்கிறதே, சொல்லத் தெரியவில்லையே என்று சொர்ணாவுக்குப் பாவமாகப் பட்டது. கொடுத்ததை ஒழுங்காகக் கொடுக்காமல் போனோமே என்று இருந்தது.

பாப்பா அழுதது. விக்கல் இல்லாத, கொஞ்சம் கரகரத்த அழுகை. கூடவே சொர்ணாவும் அழுதாள், விக்கலோடு. அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"எது யாருது?"

"கரகரன்னு கேக்கே, அது இவளுது" என்றாள் சொர்ணா.

அம்மா சின்னவளை ஒரு பக்கம் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, பெரியவளை மறுபக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இந்தப் பக்கமும் ஒரு காது இருப்பது சொர்ணாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் அவளுடைய முன்பல் ஒன்று ஆடியது. கஸ்தூரி நர்ஸ் பாப்பாவின் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒம் பல்ல இவ வாங்கிக்கிறதுக்கு இன்னும் அஞ்சு மாசம் ஆகும். அதுவர விழாமப் பாத்துக்க" என்றார். சொர்ணா கையிலிருந்த முறுக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, இட்லி இருக்கிறதா என்று கேட்டாள்.