ஜன்னலோரத்துக் கை

எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் தனக்கென்று ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். பள்ளி கேட்டுக்கு உள்ளே அவர் மிஸ், கேட்டுக்கு வெளியேதான் அம்மா. சட்டம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆள் அவர் பெற்ற பிள்ளை, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூட விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது, வீட்டு விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்தால்கூட ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "மிஸ், உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவான். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. டீச்சர் பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் கேள்வித்தாளைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்பார்கள். வாங்காவிட்டால் வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் தன் வகுப்பில் அவன் கை தூக்கினால் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். அவனும் அதற்குப் பழகிப்போயிருந்தான். விடை தெரிந்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நான் ஓவிய டீச்சர். ஸ்டாஃப் ரூமில் அவர் மேஜைக்கு அடுத்த மேஜை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அவரைவிட வயதில் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பார், என் பேச்சைப் பொறுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பையன் விஷயத்தில் மட்டும் என்னையும் கிட்டே சேர்க்க மாட்டார்.

அவன் கொஞ்ச காலமாகச் சரியில்லை. பள்ளி விட்டதும் அவனுக்குச் செஸ் வகுப்பு. வெளியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து சொல்லிக்கொடுப்பார். அது முடியும்வரை அம்மா ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் கடைசி மணி அடிப்பதற்குள் பையை மூடிக்கொண்டு ஓடுகிற பிள்ளை, இப்போது ஓவிய அறையில் வந்து நின்றான். வயிறு வலிக்கிறது என்றான். பென்சில் சீவித் தரட்டுமா மிஸ் என்றான். மதியம் கொண்டுவந்த சாப்பாட்டைக் காக்காய்க்கு வைப்பதையும் நான் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சொல்லிவிட்டேன். "ஏம்மா, பையன் முகமே நல்லா இல்லையே. செஸ்ஸுக்குப் போக மாட்டேங்கிறான், சாப்பிட மாட்டேங்கிறான். என்னன்னு கேளேன்."

"அக்கா, ஸ்கூல்ல வச்சு அவனைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. அவன் கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லுங்க," என்றார். கையிலிருந்த சிவப்புப் பேனா நிற்கவே இல்லை. "ஒரு ஆட்டத்துல தோத்திருப்பான். அதான் சாக்கு சொல்றான்."

எனக்குச் சுருக்கென்றது. உன் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடு என்று நாக்கு நுனிவரை வந்தது. என் நல்ல காலம், மணி அடித்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பிள்ளைகளிடம் யாரும் தகாத முறையில் நடந்துகொள்ளாமல் காக்க, பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஒவ்வொரு வகுப்புக்கும் எடுக்க வேண்டும், முதலில் மூன்றாம் வகுப்பு என்றார். யார் எடுப்பது என்று கேட்டதும் அறிவியல் டீச்சருக்கு அந்த நிமிஷமே தொண்டை கட்டிக்கொண்டது. விளையாட்டு மாஸ்டர் மின்விசிறியை இன்றைக்குத்தான் பார்ப்பவர் மாதிரி அண்ணாந்து பார்த்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது?

"நான் எடுக்கிறேன் மேடம்," என்றார் கணக்கு டீச்சர்.

தலைமையாசிரியைக்குப் பெரிய நிம்மதி. "உறுப்புகளுக்கு அதோட பேரையே சொல்லணுமாம். செல்லப் பேரெல்லாம் கூடாதாம்," என்று மேஜை விரிப்பைப் பார்த்துச் சொன்னார். "வேணும்னா பொண்ணுங்களுக்கு மட்டும் எடுத்துக்கலாம். பையனுங்களுக்கு எதுக்கு?"

"பையனுங்களுக்கும் உடம்பு இருக்கு மேடம்."

விளையாட்டு மாஸ்டர் மின்விசிறியை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். எனக்கு எழுந்து கை தட்டலாம் போல இருந்தது.

பாடம் எடுக்கும்போது இன்னொரு ஆசிரியர் வகுப்பின் பின்னால் உட்கார வேண்டுமாம். எந்தப் பிள்ளை திடீரென்று சுருங்கிப்போகிறது, எந்தப் பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை, வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்கக் கூடாத வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவியல் டீச்சர் தொண்டை கட்டியதெல்லாம் மறந்துபோய் வாய்விட்டுச் சிரித்தார்.

பாடத்தன்று பின் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கணக்கு டீச்சர் பிள்ளை ஜன்னலோரம் இருந்தான். கணக்கு டீச்சர் பலகையில் ஒரு பிள்ளையின் உருவத்தை வரைந்தார். ஓவியம் சுமார்தான், அதை விடுங்கள். தலை, தோள், முழங்கை என்று சொல்லிக்கொண்டே வந்து, சட்டைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் இருப்பதையும் அதே குரலில், பெருக்கல் வாய்ப்பாடு சொல்வதுபோல் சொன்னார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்று, திரும்பவும் அதே குரலில் சொன்னார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"இது உங்க உடம்பு. யாராவது தொடுறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம். பெரியவங்களா இருந்தாலும் சொல்லலாம். அங்கேருந்து வந்துடணும். வந்து நம்பிக்கையான பெரியவங்ககிட்ட சொல்லணும். சொல்ல முடியாம போயிருந்தாலும், வர முடியாம போயிருந்தாலும், தப்பு உங்க மேல இல்ல. எப்ப வேணா சொல்லலாம்."

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், எங்க சித்தப்பா கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளுவாரு. கொஞ்சுறாராம். எனக்கு வலிக்கும்."

"வலிக்குது சித்தப்பா, கிள்ளாதீங்கன்னு சொல்லு. வீட்டுல அம்மாகிட்டயும் சொல்லு."

"டாக்டர் ஊசி போட்டா மிஸ்?" என்றான் இன்னொருவன்.

"அம்மாவோ அப்பாவோ கூட இருப்பாங்க. எதுக்குப் போடுறாங்கன்னு உனக்குச் சொல்லுவாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. அப்படி யாராவது சொன்னா, அதைத்தான் முதல்ல வந்து சொல்லணும்."

அப்போதுதான் ஜன்னலோரத்தில் ஒரு கை எழுந்தது. அவன் கை.

கணக்கு டீச்சர் அவனுக்கு முன்னால் இருந்தவளைக் கேட்டார். அப்புறம் பின்னால் இருந்தவனைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவன் பென்சிலை எடுக்கத்தான் கையை நீட்டினான், அவனையும் எழுப்பி என்ன சந்தேகம் என்றார். அந்தக் கையை மட்டும் அவர் கண் தாண்டித் தாண்டிப் போயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். பழக்க தோஷம். ஆனால் விடை தெரிந்தாலும் கை தூக்காத பிள்ளை இன்றைக்குத் தூக்கியிருக்கிறான், இறக்கவும் மாட்டேன் என்கிறான். கை வலித்து, இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விளக்குக்கு அடியில்தான் இருட்டு. மணி அடித்துவிட்டால் இந்தக் கை இனி ஒரு நாளும் எழாது என்று தோன்றியது. வாய் திறக்கக் கூடாத வேலையாவது ஒன்றாவது. எழுந்து நின்றேன்.

"மிஸ், ஜன்னலோரம் ஒரு கை ரொம்ப நேரமா நிக்குது."

அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். பார்வையில் நல்ல கோபம். அப்புறம் அவனைப் பார்த்தார். "என்ன சந்தேகம்?" என்றார், வகுப்புக் குரலில்.

அவன் எழுந்தான். "மிஸ், ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம், ஆனா ஸ்கூலுக்குள்ளயே ஒண்ணு நடந்தா, அதை மிஸ்கிட்ட சொல்லணுமா, அம்மாகிட்ட சொல்லணுமா?"

வகுப்பே சிரித்தது. "ரெண்டும் ஒரே ஆளுதானடா," என்று எவனோ கத்தினான். அவன் சிரிக்கவில்லை. விடைக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

கணக்கு டீச்சரின் முகம் வெளுத்துப்போனதை நான் மட்டும்தான் பார்த்திருப்பேன். சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். இத்தனை பிள்ளைகள் முன்னால் அவனிடம் எதையும் கேட்கக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் உண்டு.

"நல்ல கேள்வி," என்றார். "யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். சொல்றதுக்கு நேரம், இடம்னு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பெல் அடிச்சதும் நீ எங்கூட வா." குரல் நடுங்கவில்லை. மீதிப் பாடத்தையும் எடுத்து முடித்தார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் பெஞ்சு மேலெல்லாம் ஏறிக் குதித்து ஓடியிருப்பேன்.

மணி அடித்ததும் ஓவிய அறையைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே போனவுடன் தரையில் உட்கார்ந்தார். நல்ல புடவை, தரை முழுக்கச் சாயம். நான் வாசலில் நின்றேன், யாரும் வராமல் பார்த்துக்கொள்ள.

"சொல்லு தங்கம். அம்மாதான் கேக்கிறேன்."

"நாம இன்னும் கேட்டுக்குள்ளதானே இருக்கோம்?" என்றான்.

 எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன். "கேட்டுக்குள்ளயும் அம்மாதான்," என்றார். "நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். எல்லா இடத்துலயும் அம்மாதான்."

அவன் சொன்னான். செஸ் மாஸ்டர் தனியாக ஒரு நகர்த்தல் சொல்லித்தருகிறேன் என்று சாமான் அறைக்குக் கூட்டிப்போவாராம். மற்றதையும் சொன்னான், இன்றைக்குக் கற்றுக்கொண்ட பெயர்களைச் சரியாகப் போட்டுச் சொன்னான். அவன் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவனுடையது. கணக்கு டீச்சர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும், "நீ சொன்னது ரொம்ப நல்லது. நான் நம்புறேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். அவன் அதைக் கேட்டுவிட்டு, "பசிக்குதும்மா," என்றான்.

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பக்கத்தில் இருந்தேன். அவர் தலைமையாசிரியையிடம் போனார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தலைமையாசிரியை அறை. என் காது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஐயோ, பாவம் பிள்ளை," என்றார் தலைமையாசிரியை. அது உண்மையாகத்தான் இருந்தது. அடுத்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆனா கொஞ்சம் யோசிச்சுச் செய்வோம்மா. ஸ்கூல் பேரு இருக்கு. உங்க பிள்ளை பேரும் இருக்கு. அவரை நைசா நிறுத்திடுவோமே."

"நிறுத்தினா அவரு வேற ஸ்கூலுக்குப் போவாரு மேடம். அங்கயும் பிள்ளைங்கதான் இருக்கும்." சத்தம் உயரவே இல்லை. "போலீஸுக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

 பிறகு தலைமையாசிரியை போனை எடுத்தார். அவரும் நல்லவர்தான், பயந்தவர் அவ்வளவுதான். அன்று மாலை போலீஸ்காரர்கள் செஸ் மாஸ்டரைப் பள்ளி கேட்டிலேயே நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். சீருடை போடாத ஒரு பெண் போலீஸ் வீட்டுக்கே வந்து பையனிடம் பேசினாராம். பேசும்போது தன் பக்கத்தில் அம்மா இருக்கட்டும் என்று அவனே கேட்டானாம்.

அதற்கப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? செஸ்ஸில் ஸ்கூலுக்குக் கோப்பை வாங்கித் தந்த மனுஷனையா இப்படி என்றார்கள் சில பெற்றோர். இல்லாததையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் மனசைக் கெடுக்கிறார்கள் என்றார்கள் சிலர். மற்ற வகுப்புகளுக்குப் பாடத்தைக் கொஞ்சம் ஆறப்போடுவோம் என்றார் தலைமையாசிரியை. கணக்கு டீச்சர் தினமும் அவர் அறைக்குப் போய், எப்போது எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு வந்தார். வரும்போது முகம் வாடித்தான் இருந்தது. மதியத்தில் ஸ்டாஃப் ரூமிலேயே தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாப்பிட்டார். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில் ஐந்தாம் வகுப்புக்கு ஓவியம் எடுத்தேன். மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் ஒருவன் குழாயடியில் நின்று பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய பிரஷ்ஷையே திரும்பக் கழுவினான். போன வருடம் கோப்பை வாங்கிய செஸ் அணியில் இவனும் ஒருத்தன்.

"மிஸ்," என்றான், திரும்பாமல். "மூணாம் கிளாஸுக்கு எடுத்தாங்களே ஒரு பாடம். அது எங்களுக்கு எப்ப மிஸ் வரும்?"

எப்போது வரும் என்று தலைமையாசிரியைக்கே தெரியாது. நானோ அந்தப் பாடத்தை எடுத்தவள்கூட இல்லை, பின்னால் உட்கார்ந்து பார்த்தவள். குழாயை மூடினேன். பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில், முழங்கால் இடிக்க இடிக்க, உட்கார்ந்தேன்.

"இன்னிக்கேகூட வரலாம்ப்பா," என்றேன். "வா, உக்காரு."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் பிள்ளையிடம் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெகு நேரம் யோசித்தான். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

"சரி மிஸ்," என்று ஆரம்பித்தான். "நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போது..."