முப்பத்தொன்றாம் கேள்வி

வேட்டங்குடி சரணாலயத்துக்கு நான் பறவை பார்க்கப் போவதில்லை. அங்கே யாரும் சத்தம் போடக்கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பேச ஆளில்லாத ஒருவன் நிற்பது யாருக்கும் தெரியாது. மனைவி மீனாள் செத்தபின் கொத்தமங்கலத்தில் இருபத்திரண்டு அறை வீட்டில் ஒண்டியாகக் கிடப்பவனுக்கு இது பெரிய வசதி.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்மாய்க்கரையில் ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக என்னிடம் வந்தாள். பெயர் செந்தாமரை, சிங்கம்புணரிப் பக்கமாம். கல்லூரி ஆராய்ச்சிக்காக, இங்கே வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று நாற்பது கேள்வி வைத்திருந்தாள்.

“ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவீகளா அய்யா?”

ஒதுக்குவதாவது. ஒருவர் என்னைக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்து எத்தனை நாளாயிற்று. சிகாகோவிலிருந்து மகன் கூப்பிட்டாலும் “மாத்திரை போட்டீகளா அப்பச்சி” என்பதோடு சரி.

வயது, ஊர், படிப்பு எல்லாம் மளமளவென்று முடிந்தன. பதினோராவது கேள்வி, யாருடன் வந்தீர்கள் என்பது. எட்டிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில், ‘தனியாக வந்தவர்கள் 31ஆம் கேள்விக்குச் செல்லவும்’ என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் பத்தொன்பது கேள்வி போய்விடும். எனக்கு மனசு வரவில்லை.

“வீட்டு ஆச்சியோட வந்திருக்கேன்.”

உடன் வந்தவருக்கு எது பிடித்தது, எது சிரமம் என்று அடுக்கினாள். மீனாள் இருந்தால் என்ன சொல்வாளோ அதைத்தான் சொன்னேன். கரண்டிவாயன் பறவையைக் கண்டால், அந்த மூக்கால் தோசை மாவு ஊற்றலாம் என்பாள். எச்ச நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். செந்தாமரை சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

முப்பது முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“ஆச்சிகிட்டயும் ஒரு ஃபார்ம் வாங்கிக்கிறேன் அய்யா. பொம்பளையாளுக பதில்தான் கொறையுது. எங்குட்டு இருக்காக?”

பறவை பார்க்கக் கட்டியிருக்கும் கோபுரத்தைக் காட்டியிருந்தால் அந்த வெயிலில் ஏறிப்போய்த் தேடியிருப்பாள்.

“அவ போயி மூணு வருசமாச்சு ஆத்தா.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பத்தொன்பது பதில்களையும் ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தாள். கரண்டிவாயன் போனது, முந்தானை போனது. ‘தனியாக’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மீனாளை இரண்டாந்தடவை தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது எனக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“முப்பத்தொண்ணு,” என்றாள் மெதுவாக. “இந்த எடத்தைப் பத்தி யாருகிட்டச் சொல்லுவீக?”

குடும்பத்தார், நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று மூன்று கட்டம். யோசித்துப் பார்த்தேன். பால்காரர் பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். மகனுக்கு நேரமிருக்காது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“ஒன்கிட்டச் சொல்லிட்டேனே ஆத்தா,” என்றேன். “வேற ஆரும் இல்லை.”

அவள் மூன்று கட்டத்தையும் பார்த்தாள். ஒன்றிலும் டிக் போடாமல் அடுத்த கேள்வியைப் படித்தாள்.